அம்பு தைத்த மானின் முகத்தைக் கவனியுங்கள்

பெண் தலையும் விலங்கு உடலுமாக வரைவதெல்லாம் பெண்களை இழிவுபடுத்த ஆண்கள் கண்டுபிடித்த வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழங்கதைகளில் அப்படிப்பட்ட உருவங்கள் உண்டு, சரி. ஆனால் அதே உருவங்களைப் பெண் ஓவியர்களே எடுத்துத் தங்கள் வலியைச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1946-ல் வரைந்த 'காயம்பட்ட மான்' ஓவியத்தைப் பாருங்கள். உடல் மானுடையது, முகம் அவருடையது. உடலில் 9 அம்புகள், ரத்தம் வழிகிறது. 18 வயதில் பேருந்து விபத்தில் முதுகெலும்பு நொறுங்கியவர் அவர். இதை வரைந்த அதே ஆண்டில்தான் நியூயார்க்கில் முதுகெலும்பு அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனால் அந்த முகத்தில் அழுகை இல்லை. நேராக நம்மைப் பார்க்கிறது. மான் விழுந்து கிடக்கவும் இல்லை, காட்டுக்குள் கால் தூக்கி ஓடுகிறது. தலையில் இருப்பவை ஆண் மானின் கொம்புகள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த இடம்.

அப்புறம், கென்யாவில் பிறந்த கலைஞர் வாங்கெச்சி முட்டு. பெண், விலங்கு, செடி, இயந்திரம் எல்லாம் கலந்த உருவங்களை, படங்களை வெட்டி ஒட்டி உருவாக்குகிறார். அவரும் பெண்தான்.

உருவத்தை மட்டும் பார்த்து இழிவு என்று சொல்லாதீர்கள். யார் வரைந்தது, அந்த முகம் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள்.