அந்த ஒரே ஒரு ஓட்டு

அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஜாம்பவான்களின் புகழரங்கம், அதற்கு ஆள் தேர்வு. 394 பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். 393 பேர் ஜப்பான்காரரான ஆட்டக்காரர் இச்சிரோவை டிக் செய்தார்கள். அந்த மிச்சமிருக்கும் ஒருத்தரைப் பற்றி முந்தாநாள் நான் பொங்கியதற்கு, "ஹால் ஆஃப் ஃபேம் கிடைத்தாச்சே, அப்புறம் என்ன புலம்பல்?" என்று எனக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்.

சரி, புலம்பல்தான். 27 வயதில் ஜப்பானிலிருந்து சியாட்டிலுக்கு வந்து, 2001-இல் முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம், எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) என்ற இரண்டு விருதையும் தட்டிய ஆள். அதிலிருந்து தொடர்ந்து 10 சீசன், ஒன்றில்கூட 200 ஹிட்டுக்குக் குறையவில்லை. ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் என்ற நிறுத்தத்துக்கு ஓடிச் சேர்வது. அமெரிக்காவில் மட்டும் 3,089. ஜப்பானில் அடித்த 1,278 கணக்கில் சேராதாம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதில் எதைப் பார்த்து அந்தப் புண்ணியவான் பேனாவை மூடினார்?

"மைதானத்துக்கு வெளியே தூக்கி அடிக்கும் ஹோம் ரன் 117தானே?" ஆமாம். பந்தைத் தரையோடு தட்டிவிட்டு, அது ஃபீல்டர் கையிலிருந்து கிளம்பி வருவதற்குள் முதல் பேஸை மிதித்துவிடுவார். ஓடி எடுத்தது என்ன ஓசியா?

2004 அக்டோபர் 1. நான் சியாட்டில் வந்து மூன்று மாதம். ஆபீஸில் யாரோ வேண்டாமென்று விட்ட டிக்கெட். விதி ஒன்றும் தெரியாது. பேட்டை நட்டமாக நிறுத்தி, வலது தோள் பக்கம் சட்டையை லேசாக இழுத்துவிட்டுக்கொண்ட அந்த ஒல்லி மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் நடுவாக்கில் ஒரு தட்டு. அந்த சீசனின் 258-ஆவது ஹிட். ஒரே சீசனில் அதிக ஹிட் என்ற, பழைய ஆட்டக்காரர் ஜார்ஜ் சிஸ்லரின் 84 வருஷச் சாதனை போனது. வாணவேடிக்கைக்கு நடுவே இச்சிரோ நேராகக் கேலரிப் பக்கம் போய், சிஸ்லரின் மகளுக்குக் கைகொடுத்தார். ஊர்பேர் தெரியாத எனக்குத் தொண்டை அடைத்தது.

"அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத்துக்கே நூற்றுக்கு நூறு இல்லையே." நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் ரிவேராவுக்கு 425-க்கு 425 விழுந்ததே, அது எப்படி? "அதே அணியின் ஜீட்டருக்கும் ஒன்று குறைந்ததே." அதுவும் தப்புதான். போதுமா?

"ரகசிய ஓட்டு, அவர் உரிமை." உரிமைதான். எனக்கும் ஒருமுறை ப்ரமோஷன் மீட்டிங்கில் ஆறு பேர் சரி என்றார்கள். ஒருத்தர் மட்டும் "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே" என்றாராம். யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஏழு பேருக்கும் குட்மார்னிங் சொல்லும்போது ஒவ்வொரு முகமாகத் தேடினேன். உங்களுக்கு அது ஒரு ஓட்டு.

இச்சிரோ என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு, சேர்ந்து ஒரு கிளாஸ் குடிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பெரிய மனுஷன். என் வீட்டுக்கு வந்தால் மோர்கூடக் கிடையாது.