கண் முதலில் மேல் வரிக்குத்தான் போகிறது

கட்டுப்பாடு மிகுந்த ஒரு சமயக் குழுவில் பிறந்து வளர்ந்தவள் நான். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எந்த மதம், எந்தப் பிரிவு என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னதும் வெளியே இருப்பவர்கள் "அவங்க அப்படித்தானே" என்பார்கள், உள்ளே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்ல வந்த விஷயம் அடிபட்டுப் போகும். அதுவும் போக, இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை.

எங்களிடம் வாரக் கூட்டம் முடியும்போது ஒரு நோட்டு சுற்றி வரும். பெயர், அந்த வாரம் பிரார்த்தித்த மணிநேரம், படித்த வேதப் பகுதிகள், சேவைக்குப் போன நாட்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். நோட்டு கைக்கு வந்ததும் கண் முதலில் மேல் வரிக்குத்தான் போகும். பேனா அப்புறம்தான் நகரும். மேலே 9 என்று இருந்தால், 3 என்று எழுத வேண்டியவர் ஒரு கணம் தயங்குவார். சிலர் 5 என்று போட்டுவிடுவார்கள். அன்றிரவு பொய் எழுதிவிட்டோமே என்ற உறுத்தல். சிலர் 3 என்றே எழுதுவார்கள். வெறும் மூன்றுதானா என்ற உறுத்தல் அவர்களுக்கு. 9 போட்டவராவது நிம்மதியாக இருப்பாரா என்றால், போன வாரம் அவர் 11 போட்டிருப்பார்.

என் தோழி ஒருத்திக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. இரவில் தூக்கம் கிடையாது, பகலில் ஓய்வு கிடையாது. நோட்டு எங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாள். அழுகிறது போல என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

அவள் என்ன தப்பு செய்தாள் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஒருவர் மனதை நோகடித்தேன், ஒருவர் பொருளை எடுத்தேன் என்றால் உறுத்த வேண்டியதுதான். அந்த உறுத்தல் நல்லது. போய் மன்னிப்புக் கேட்கலாம், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம், அதோடு பாரம் இறங்கும். ஆனால் "நான் போதவில்லை" என்ற உறுத்தலுக்குப் பின்னால் எந்தச் செயலும் இல்லை, பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? எதைத் திருப்பிக் கொடுப்பது? தீர்க்க வழியில்லாததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்து பார்க்கிறோம். செய்தவுடன் அந்தக் கூடுதலே அடுத்த வாரத்தின் குறைந்தபட்சம் ஆகிவிடுகிறது.

"மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள், கடவுளை மட்டும் பாருங்கள்" என்று மேடையில் அடிக்கடி சொல்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் நோட்டையும் சுற்ற விட்டுக்கொண்டு இதைச் சொல்வதில் பயனில்லை. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதியது இது: தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் உந்துதல் மனிதருக்கு இயல்பாகவே உண்டு, மதிப்பிட நேரடியான அளவு கிடைக்காதபோது பக்கத்தில் இருப்பவர்களை வைத்து மதிப்பிட்டுக்கொள்வார்கள். இறைப்பற்றுக்கு என்ன அளவு இருக்கிறது? ஒருவர் மனம் கடவுளிடம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று யார் எண்ணிச் சொல்ல முடியும்? ஆகவே எண்ண முடிந்தவற்றை எண்ணத் தொடங்குகிறோம். வந்த நாட்கள், உட்கார்ந்த நேரம், கொடுத்த காணிக்கை, எழுந்து நின்று பேசிய தடவைகள். உள்ளே நடப்பதற்கு வெளியே இருப்பது சாட்சி ஆகிவிடுகிறது. இதில் இன்னொரு கொடுமை, என்னுடைய வறட்சி எனக்கு முழுசாகத் தெரியும், உங்களுடையதில் நீங்கள் காட்டுவது மட்டும்தான் தெரியும். அந்த ஒப்பீட்டில் நான் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. என்னைப் பார்த்து நீங்களும்தான்.

கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. லாரன்ஸ் இயனக்கோனி என்ற பொருளாதார அறிஞர், கண்டிப்பான சபைகள் ஏன் வலுவாக இருக்கின்றன என்று 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதிகம் கேட்கும் குழுக்களில், ஒன்றும் கொடுக்காமல் பலனை மட்டும் அனுபவிக்க நினைப்பவர்கள் தங்க மாட்டார்கள். தங்குகிறவர்கள் மனதார உழைப்பார்கள். அதனால் அங்கே எல்லோருக்கும் கிடைப்பது அதிகம் என்பது அவர் வாதம். என் அனுபவமும் அதுதான். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எங்கள் வீட்டு வேலைகளை யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் எங்கள் துயரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஈடுபாடு குறைந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் தீவிரமானவர்கள். அப்படியென்றால் இங்கே கடைசி வரிசையில் இருப்பவர்கூட, வெளியே எங்கே போனாலும் பெரிய பக்திமான் என்று பெயர் எடுக்கக்கூடியவர். இங்கேயோ தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

மதங்களின் மூத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. புத்தரின் சீடர் சோணர் செல்வத்தில் வளர்ந்தவர். பாதம் வெடித்து இரத்தம் கசியும்வரை நடந்து நடந்து தியானம் செய்தார். முயற்சி உடைய சீடர்களில் நானும் ஒருவன், ஆனாலும் எனக்கு விடுதலை வாய்க்கவில்லையே என்ற எண்ணம் வந்தது. அதற்கு அடுத்த எண்ணம், வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்பது. இந்த வரிசையைக் கவனியுங்கள். அளவுக்கு மீறிய முயற்சி, அதன்மேல் குறைபாட்டு உணர்வு, அப்புறம் விலகும் ஆசை. எங்கள் குழுவை விட்டுப் போனவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை, சோணரைப் போல நடந்தவர்கள். புத்தர் அவரிடம் இன்னும் நட என்று சொல்லவில்லை. வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை வராது அல்லவா என்று கேட்டார். சோணர் முன்பு வீணை வாசித்தவர். பௌத்த மரபு மன உறுத்தலையும் கலக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, தியானத்துக்குத் தடையான ஐந்தில் ஒன்றாக வைத்திருக்கிறது. நாம் அதையே பக்தியின் அடையாளமாக வைத்திருக்கிறோம்.

நபிகள் நாயகத்தின் வணக்கத்தைப் பற்றி விசாரித்த மூன்று பேர், அவர் எங்கே நாம் எங்கே என்று சொல்லி, ஒருவர் இரவு முழுக்கத் தொழுவேன் என்றார், ஒருவர் இடைவிடாமல் நோன்பு நோற்பேன் என்றார், ஒருவர் மணமே செய்ய மாட்டேன் என்றார். அவரோ, உங்களைவிட அதிகம் இறைவனை அஞ்சுகிற நானே நோன்பும் வைக்கிறேன், விடவும் செய்கிறேன், தொழவும் தூங்கவும் செய்கிறேன், மணமும் செய்கிறேன் என்று அவர்களைத் திருத்தினார். பேதுரு இன்னொரு சீடரைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்டபோது இயேசு சொன்னது, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

எங்கள் கூட்டத்தில் வயதான ஒரு அம்மா, எல்லோரும் மதிக்கிறவர், ஒருமுறை எழுந்து நின்று, "இந்த மாசம் என்னால பிரார்த்தனை பண்ணவே முடியல. உட்காந்தா மனசு நிக்கல. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பொறுப்பாளர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் அவரைச் சுற்றி நின்றவர்களை நான் பார்த்தேன். அறிவுரை சொல்லப் போனவர்கள் இல்லை. "எனக்கும்தான்மா" என்று சொல்லப் போனவர்கள். அதிகம் எண் போடுகிற சிலரும் அதில் இருந்தார்கள்.

ஆகவே பொறுப்பில் இருப்பவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். எண்ணுவதை நிறுத்துங்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஒவ்வொருவரும் மாதாமாதம் ஊழியம் செய்த மணிநேரத்தைக் கணக்குக் கொடுத்துவந்தார்கள். 2023 நவம்பரிலிருந்து சாதாரண உறுப்பினர்கள் மணிக்கணக்கு தர வேண்டியதில்லை என்று மாற்றினார்கள். கலந்துகொண்டேன் என்று குறித்தால் போதும். முழுநேரமாக ஈடுபடுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் இருக்கிறது. அந்த அமைப்போடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் இவ்வளவு பழைய வழக்கத்தையே ஒரு குழு விட முடிகிறது என்றால், மற்றவர்கள் முடியாது என்று சொல்லக் கூடாது. மேடையில் பேசச் சொல்லும்போது வெற்றிக் கதைகளோடு வறண்ட மாதங்களையும் பேசச் சொல்லுங்கள். அதை முதலில் நீங்கள் பேசுங்கள். உங்களுக்கும் அப்படி மாதங்கள் இருக்கும்.

இன்னொரு வகையினரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பீட்டையும் தாண்டி, ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அடங்காதவர்கள், சரியாகச் சொன்னோமா, ஏதாவது விட்டுப்போச்சா என்று மணிக்கணக்கில் மனதைத் துருவுகிறவர்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பை நிறுவிய இக்னேஷியஸ் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இதே நிலையில் இருந்தார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்தும் தீரவில்லை. உயிரையே விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனது. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு கட்டளையிட்ட பிறகுதான் உண்டார். இன்றைய மருத்துவம் இப்படிப்பட்ட ஓயாத பாவ அச்சத்தை ஓசிடி (OCD) என்ற மனநோயின் ஒரு வகையாகப் பார்க்கிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. இப்படி இருப்பவரிடம் இன்னும் அதிகமாகப் பிரார்த்தியுங்கள் என்று சொல்வது நோயைத்தான் வளர்க்கும்.

நீங்கள் அந்த நிலையில் இருந்தால் உங்கள் விசுவாசத்தில் குறை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்காகக் குழுவில் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.