நாலு நாளைக்கு 160 ரூபாய்

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் அம்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை முகநூலில் போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஓசி டிக்கெட்டுக்கு இம்புட்டுச் சிரிப்பா" என்று ஒருவர் கேட்டார். அதற்கு எழுபத்துச் சொச்சம் பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். அதில் பதினோரு பேர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள். எண்ணிப் பார்த்தேன். ஆடிட்டர் ஆபிஸில் கணக்கு எழுதுகிறவள், எண்ணாமல் இருக்க முடியாது.

அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் வேறு வார்த்தைகள் வந்திருக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தேன். இப்போது நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அது ஓசி இல்லை. அது வேலைக்குப் போகிற பஸ்.

மதுரை பக்கம் ஊமச்சிகுளத்தில் காலை ஆறே காலுக்கு வருகிற டவுன் பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். பூக்கூடை, கீரைக்கட்டு, தூக்குவாளி, ஜவுளிக்கடைச் சேலை கட்டிய பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஆயாம்மாக்கள். அதில் ஒருத்தி என் அம்மா. வயது 61. தல்லாகுளம் பக்கம் ஒரு வீட்டில் சமையல், இன்னொரு வீட்டில் பாத்திரம். 3,500-ம் 2,000-மாக மாதம் 5,500 ரூபாய். போக வர தினம் இருபது ரூபாய் டிக்கெட் என்றால், 26 நாளைக்கு 520. கிட்டத்தட்டச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. சம்பாதிக்கப் போவதற்கே பத்தில் ஒரு பங்கு!

2021-க்கு முன்னால் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு ஸ்டேஜ் முன்னாடியே இறங்கி நடப்பாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் மிச்சம். சித்திரை வெயிலிலும் நடந்தாள். முட்டி போனதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தைலம் தேய்த்துவிட்டது நான். 2021 மே மாதம் ஸ்டாலின் பதவியேற்றதும் போட்ட ஐந்து கையெழுத்தில் ஒன்று பெண்களின் இந்த இலவசப் பயணத்துக்கு. அதற்கப்புறம் அம்மா இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறாள். நான் படம் எடுத்த அன்று அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. சிரித்தாள். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வே சொன்னது. எங்கள் வீட்டுக் கணக்கில் அவ்வளவு வரவில்லை. 520 போதும். சமையல் வீட்டில் ஆறு வருடமாக அதே 3,500-தான். கூட்டிக் கேட்டால், "வேற ஆள் பாத்துக்கிறோம்" என்பார்கள். முதலாளி கூட்டித் தராததை ஓர் அரசாங்கம் பஸ் வழியாகக் கூட்டித் தந்திருக்கிறது. அதற்குப் பெயர் ஓசியா?

உடனே ஒருவர் வருவார், "ஆட்சிக்குச் சொம்பு தூக்குகிறாயா" என்று. காமராஜர் காலத்து மதிய உணவு ஒரு கட்சி. 1982-இல் சத்துணவு வேறு கட்சி. ஒரு ரூபாய் அரிசி ஒரு கட்சி, அதை 2011-இல் விலையில்லா அரிசி ஆக்கியது இன்னொரு கட்சி. அம்மாவும் நானுமாக இந்த எல்லாச் சோற்றையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். யாருக்கென்று சொம்பு தூக்குவேன்? 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் இதே "ஓசி"யைச் சொல்லிவிட்டு, அப்புறம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் எனக்கு இதே எரிச்சல்தான்.

"எங்கள் வரிப்பணம்" என்கிறவர்களுக்கு வருகிறேன். வாருங்கள் வாருங்கள், இது என் ஏரியா.

வீட்டுக்கடன் வட்டியில் வருடம் இரண்டு லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம், வருமான வரியின் பழைய முறையில். அந்த வட்டிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜூலை மாதம் எங்கள் ஆபிஸ் மாடிப்படியில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள்! பெற்ற அப்பாவின் வீட்டிலேயே இருந்துகொண்டு, வரியைக் குறைக்க, அப்பாவுக்கு வாடகை கொடுத்ததாக ரசீது கொண்டுவருகிறவர்கள் எத்தனை பேர்! இப்போது புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்குக் கழிவோடு சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம். நல்ல விஷயம், நானே சந்தோஷமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அதற்குப் பெயர் "சலுகை", "நடுத்தர வர்க்கத்துக்கு நிம்மதி". அதை ஓசி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சிரிப்பு பொம்மை போட்ட அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேருடைய ரிட்டர்ன் என் கையால் போனது. யாரென்று சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.

அம்மா வரி கட்டவில்லையாம். சோப்புக்கும் பற்பசைக்கும் அவளிடம் கடைக்காரர் ஜிஎஸ்டியைத் தள்ளிவிட்டா விற்கிறார்? 2025 செப்டம்பரில் அதையெல்லாம் 18-லிருந்து 5 சதவீதம் ஆக்கினார்கள், மறுக்கவில்லை. எங்கள் தெருக் கடையில் இரண்டு ரூபாய் ஷாம்பு இன்னும் இரண்டு ரூபாய்தான்.

இந்த "ஓசி" என்ற சொல்லே, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் தபால் தலை ஒட்டாமல் போன அதிகாரிகளின் கடிதத்தில் கம்பெனி வேலையாகப் போவது என்பதற்கு ஓ.சி. என்று எழுதியதிலிருந்து வந்தது என்பார்கள். அது உண்மையானால் முதல் ஓசி துரைமார்களுக்குத்தான் போயிருக்கிறது, பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இல்லை.

"வசதியான பெண்களும் ஏறுகிறார்களே?" ஏறட்டும். காலை எட்டு மணிக்குக் கோரிப்பாளையத்தில் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு வரட்டும். நான் எழுந்து இடம் கொடுக்கிறேன். "போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் ஓடுகிறதே?" ஆமாம், ஓடுகிறது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கிற பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன். ஓய்வுபெற்ற டிரைவர், கண்டக்டர்கள் பாக்கிக்காக அலைகிறார்கள், அதுவும் அநியாயம்தான். அதை அரசாங்கத்திடம் கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் ரோடு போடும்போது, பாலம் கட்டும்போது லாபமா என்று கேட்காதவர்கள் ஆயாம்மா ஏறினதும் ஏன் கணக்கு நோட்டைத் திறக்கிறீர்கள்?

"உழைக்காமல் சோம்பேறி ஆகிவிட்டார்கள்." இதற்குப் பதில் எழுத மனசில்லை. ஆறே கால் பஸ் என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படியுங்கள்.

"சரி, ஆம்பளைங்களுக்கு என்ன?" என்று ஒரு தம்பி நியாயமாகவே கேட்டிருந்தான். இதே கேள்வியை என் சொந்தத் தம்பியும் கேட்டான். அவனுக்கு 25 வயது. சென்னையில் காரப்பாக்கத்தில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் 22,000 சம்பளத்துக்குப் போகிறான். அவனுக்கு இலவச பஸ் இல்லை, பெண்களுக்குத் தருகிற மாத உரிமைத் தொகை இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தோழி என்ற பெயரில் அரசு விடுதிகள் கட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அது சும்மா வரவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப்போன பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதி வந்ததை வரவேற்கிறேன். ஆனால் பையன்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

அவனும் இரண்டு நண்பர்களும் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்தார்கள். 12,000 வாடகை. பத்து மாத அட்வான்ஸ், 1,20,000. தமிழ்நாட்டில் 2017-இல் வாடகைக்கென்று சட்டம் போட்டு, 2019-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. கூடவே, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று ஒரு வாலும் இருக்கிறது. அந்த வாலில்தான் சென்னை முழுக்கத் தொங்குகிறது. சட்டத்தைச் சொல்லிப் பார்த்தான் தம்பி. "அந்தச் சட்டம் வாடகைக்கு விடுற வீட்டுக்குப் போங்க" என்றாராம் அந்த ஓனர்.

அவன் பங்கு 40,000. அம்மா செயினை வைத்தோம். மாதம் 400 ரூபாய் வட்டி.

இப்போது கணக்கைப் பாருங்கள். பஸ்ஸில் மிச்சமாகிற 520-இல் 400 செயின் வட்டிக்குப் போகிறது. அரசாங்கம் ஊமச்சிகுளத்தில் கொடுத்ததை ஒரு காரப்பாக்கம் ஓனர் வாங்கிக்கொள்கிறார். அதற்குச் சிரிப்பு பொம்மை யாரும் போட மாட்டீர்கள்.

கரண்டுக்கு வாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து. குடிசைக்கும் உண்டு, பங்களாவுக்கும் உண்டு. தம்பிக்கு இல்லை! ஓனர் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்குகிறார், முதல் யூனிட்டிலிருந்தே. அந்த 100 யூனிட் யார் வீட்டு மின்விசிறியைச் சுற்றுகிறது? அந்த ஓசியைப் பற்றி ஒரு பதிவு போடுங்கள் பார்ப்போம். வாடகைக்கு ரசீது கேட்டால் அதுவும் கிடையாது, பான் எண் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும், நான் இருக்கிற ஆபிஸ் அப்படி.

எங்கேயோ போய்விட்டேன். பஸ்ஸில் ஆரம்பித்து வாடகைக்கு வந்துவிட்டேன். பரவாயில்லை, எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நோட்டில்தான் வருகிறது.

தம்பியைப் பற்றி இன்னொன்று. ராத்திரி போன் பேசும்போது "மெஸ்ல சாப்டேன்க்கா" என்பான். போன மாதம் வாய் தவறி, "இட்லி இன்னும் ஒத்த ரூவாதான்க்கா" என்றான். ஒரு ரூபாய்க்கு எந்த மெஸ்ஸில் இட்லி? காலையில் அம்மா உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். 2013-இல் தொடங்கும்போது வைத்த விலை அது. ஆறு இட்லி ஆறு ரூபாய். புத்திசாலித்தனமான காரியம், நானாக இருந்தால் மூன்று வேளையும் போவேன். ஆனால் என்னிடம் மறைத்தான். கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால் "ஓசிச் சோறு" என்பார்களாம். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கே இந்தக் கூச்சம்.

"ஒரு கமெண்ட்டுக்கு ஏன் இவ்வளவு" என்று கேட்கப் போகிறீர்கள். கமெண்ட் போட்டவர் விளையாட்டாகச் சொன்னாராம். தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார், "தப்பா எடுத்துக்காதீங்க, அம்மாவைச் சொல்லல, சிஸ்டத்தைச் சொன்னேன்" என்று. சிஸ்டத்தின் படமா அங்கே இருந்தது? என் அம்மா படம் இருந்தது.

அம்மாவுக்கு முகநூல் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஞாயிறு சாயங்காலம் படத்தைக் காட்டியிருக்கிறது. அப்படியே கீழே இருந்ததையும் வாசித்துக் காட்டியிருக்கிறது, சின்னப் பிள்ளை, அதற்கென்ன தெரியும். நான் வீட்டுக்குப் போனபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டே, "அந்தப் படத்த எடுத்துரு தாயி, நல்லால்ல" என்றாள். "நல்லாத்தான்மா இருக்கு" என்றேன். "பல்லு தெரியுது" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நிற்காமல் ஷேர் ஆட்டோவில் போனாள். கேட்டால், "கூட்டமா இருந்துச்சு" என்றாள். செவ்வாய்க்கிழமை "முட்டி வலி" என்றாள். புதன்கிழமை நான் கேட்கவில்லை. ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது. வியாழன் வரைக்கும் 160 ரூபாய். ஒரு மாதச் செயின் வட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு கமெண்ட்டுக்குப் போய்விட்டது. நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "இதர செலவு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

படத்தை எடுக்க மாட்டேன். அந்தக் கமெண்ட்டையும் அழிக்க மாட்டேன், இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

இன்று காலை ஆறு மணிக்கே எழுந்து, நானும் வருகிறேன், சேர்ந்து பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பினேன். நிறுத்தத்தில் நின்றோம். ஆறே கால் வண்டி வந்தது, கூட்டம்கூட இல்லை, முன்னால் இரண்டு சீட் காலியாகவே இருந்தது. "நீ ஏறு, நான் பின்னாடி வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

200.