ஆசிரியர் சட்டமன்றம் போகலாம்; பத்திரிகை?

தேர்தல் நெருங்கினால், கட்சித் தலைமைக்கு முன்பே காரைக்குடித் தேநீர்க் கடைகள் வேட்பாளர் பட்டியலை வெளியிட்டுவிடும். அதில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் எவருடைய பெயராவது அடிபட்டால், 'பேனா பிடித்தவருக்கு அரசியல் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்மாய் ஆக்கிரமிப்பு முதல் பட்டா மாறுதலுக்கான அலைச்சல் வரை வாசகர் கடிதங்களாகவே ஆண்டுக்கணக்கில் படித்தவருக்குத் தொகுதியைப் புதிதாகச் சுற்றிக்காட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இது பழைய வழிதான். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் 1967இல் சட்டப்பேரவைத் தலைவரானார்; அதே 1942இல் காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய அண்ணா, அதே 1967இல் முதலமைச்சரானார். சட்டமன்றம் வரை போகாவிட்டாலும் நம் ஊருக்கும் ஒரு முன்னோடி உண்டு. சொ. முருகப்பா 1920இல் தொடங்கிய 'தன வைசிய ஊழியன்' பின்னர் ராய. சொக்கலிங்கத்தின் ஆசிரியப் பொறுப்பில் 'ஊழியன்' என்றே வெளிவந்தது. சொக்கலிங்கம் காரைக்குடி நகராட்சித் தலைவராகவும் இருந்தார். நகரத்தார் சமூகத்தைக் குறித்த 'தன வைசிய' என்ற முன்னொட்டு இதழின் பெயரிலிருந்து நீங்கியதை, ஊர்ப் பொறுப்புக்கு வருபவர் முதலில் செய்ய வேண்டிய காரியமாகவே நான் பார்க்கிறேன்.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. இதழின் கடைசிப் பக்க அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களைப் போடச் சொன்னது 1867ஆம் ஆண்டுச் சட்டம். சிறு பத்திரிகைகளில் பெரும்பாலும் வெளியிடுபவரும் ஆசிரியரும் உரிமையாளரும் ஒருவரே. தாள் விலையையும் அச்சுக்கூலியையும் ஈடுகட்டுவது சந்தா அன்று. கண்ணீர் அஞ்சலி, குடமுழுக்கு வாழ்த்து, அவற்றோடு அரசு அலுவலகங்கள் தரும் ஏல, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள். அந்த அலுவலகங்களின் செலவைப் பேரவையில் கேள்வி கேட்க வேண்டியவரே, விளம்பரக் கட்டணத்துக்கான பட்டியலிலும் கையெழுத்திட்டு அதே அலுவலகங்களுக்கு அனுப்புகிறார் என்றால், எந்தக் கேள்வியைக் கேட்பார், எதை விழுங்குவார்?

ஆகவே வேட்புமனு அளிக்கும் நாளிலேயே அந்தச் சிறிய எழுத்து வரியிலிருந்து அவர் பெயர் வெளியேற வேண்டும். மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றிவைப்பது, பேரேடும் ஐந்தொகையும் பார்த்துப் பழகிய ஊரில் எடுபடாது. புதிய ஆசிரியர் தம் முதல் இதழிலேயே அந்த வேட்பாளரைக் குறைகூறும் வாசகர் கடிதம் ஒன்றை வெட்டாமல் போடட்டும். அது அச்சாகி வந்த பிறகு என் வாக்கைப் பற்றி யோசிக்கிறேன்.