கடலோர நிலத்தின் மதிப்பை மேசையில் அமர்ந்து எழுத முடியாது

இராமநாதபுரம் கடற்கரையில் நிலத்துக்கு விலை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் சென்ட் இன்ன விலை என்று சொல்லிவிடுவார்கள். அந்த விலைக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திடுகிறவர்கள்தான் குறைவு. வங்கிகளுக்கும் தனியாருக்கும் சொத்து மதிப்பீடு செய்து தரும் கட்டடப் பொறியாளன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: நிலத்தை நேரில் பாராமலும், ஆதாரத்தை எழுதாமலும் தரப்படும் தொகையை மதிப்பீடு என்று யாரும் ஏற்கக் கூடாது.

உச்சிப்புளிப் பக்கம் ஒரே வரிசையில் உள்ள இரண்டு புஞ்சை நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றில் மணல் ஊற்று நீர் குடிக்கும்படி இருக்கும். அடுத்ததில் ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீமைக் கருவேலம் புதருக்குள் எல்லைக் கல்லைத் தேடினால்தான், சாலையிலிருந்து நிலத்துக்குள் நுழையும் பாதை அடுத்தவர் பட்டாவில் ஓடுகிறது என்பது தெரியவரும். இவை எதுவும் பத்திரத்திலோ, வில்லங்கச் சான்றிலோ இராது.

இதைவிடப் பெரிய விஷயம், கடலோரக் கட்டுமானத்துக்கு மத்திய அரசு வரம்பு விதித்திருக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதன் 2011 அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை, சில விலக்குகள் தவிர, புதிய கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை இடம் தருகிறது என்றாலும், ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் என்ன சொல்கிறதோ அதுவே செல்லும். கடலைப் பார்த்த மனை என்று கூடுதல் விலை சொல்லப்படும் நிலத்தில் வீடு கட்டவே முடியாது என்றால், அந்தக் கூடுதல் விலைக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியை எழுப்பாத மதிப்பீட்டு அறிக்கைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கட்டடத்துக்கும் இதே நிலைதான். 60 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொண்டு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கும் வாய்பாடு, உப்புக் காற்று ஓயாமல் படும் மண்டபம் ஊரின் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. கூரைத் தளத்தின் அடிப்பக்கம் காரை உப்பிப் பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரியும் வீட்டுக்குப் பதினைந்து வயதுதான் என்பதால் முக்கால் பங்கு மதிப்பு மிச்சம் என்று எழுதுவது தவறு.

அக்கம்பக்கத்து விற்பனைகளோடு ஒப்பிட்டு விலை காண்பதே நிலத்துக்கு நாங்கள் பெரும்பாலும் கையாளும் முறை. ஆனால் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்கும் வழக்கம் இருக்கும்வரை, ஒப்பிடுவதற்கு உண்மையான விலை எங்கே கிடைக்கும்? இதனால் நட்டப்படுவது அரசு மட்டும் அல்ல. 2013 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 26 ஆவது பிரிவு, இழப்பீட்டுக்கான சந்தை மதிப்பைக் காண, முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியையும் கணக்கில் கொள்கிறது. சாலைக்கு நிலம் கொடுக்க நேரும் குடும்பம், அக்கம்பக்கத்தார் குறைத்துக் காட்டிய விலையின் சுமையை அப்போது சுமக்கிறது. வெளிப்படையாகப் பேசப்பட வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

விதிகள் இல்லாமல் இல்லை. கம்பெனிகள் சட்டத்தின் 247 ஆவது பிரிவின் கீழ் 2017 இல் வந்த விதிகள், நிலமும் கட்டடமும் என்ற பிரிவில் மதிப்பீட்டாளராகப் பதிவு பெற 50 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கின. பதிவு வழங்குவது இந்தியத் திவால் மற்றும் நொடிப்பு வாரியம். வாடிக்கையாளரின் வசதிக்கேற்ற மதிப்பைத் தரக் கூடாது, காரியம் முடிந்தால்தான் கட்டணம் என்று பேசக் கூடாது, ஆவணங்களை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகள் சொல்கின்றன. ஊர்ப்புறத்து வீட்டுக் கடன் மதிப்பீடுகள் பெரும்பாலும் அந்தந்த வங்கி தானே மதிப்பீட்டாளர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் பேனல் நடைமுறையில்தான் ஓடுகின்றன. அங்கேயும் அதே ஒழுக்கம் வேண்டும். “இவ்வளவு வந்தால் கடன் பாஸ் ஆகிவிடும் சார்” என்று கோப்பைத் தரும்போதே தொகையையும் சேர்த்துச் சொல்வது, அது யார் வாயிலிருந்து வந்தாலும், மதிப்பீட்டாளரின் கையெழுத்தைச் செல்லாக்காசாக்கும் செயல்.

கட்டணத்தைக் கடன் வாங்குகிறவரிடமிருந்து வசூலித்துக்கொண்டு, அறிக்கையை அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கும் வழக்கமும் முடிவுக்கு வர வேண்டும். தவணை தவறினால், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் 2002 ஆம் ஆண்டு சர்ஃபேசி விதிகளின்படி மறுபடி மதிப்பீடு செய்து, ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைப்பார்கள். கடன் தந்த நாளின் அறிக்கை கையில் இருந்தால்தான், அன்றைய தொகையும் இன்றைய தொகையும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று அந்த வீட்டுக்காரர் ஆதாரத்தோடு கேட்க முடியும். எனவே கடன் தரும் நாளிலேயே, ஒப்பிட்ட பத்திர எண்கள், நேரில் பார்த்த தேதி, புகைப்படங்கள் ஆகியவற்றோடு அறிக்கையின் நகலை வங்கிகள் அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.