இடுப்பு பிடிக்க ஒரு ஆளா என்று சிரிக்கும் டாக்டருக்கு

எங்களைப் போன்ற டூலாக்களை (பிரசவத்தில் தாயோடு கூடவே இருந்து உதவும், மருத்துவர் அல்லாத துணையாட்களை) ஒரு டாக்டர் கேலி செய்யும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "இடுப்பு பிடித்துவிட ஒரு ஆளுக்குக் காசா?" என்று டாக்டர் சிரிக்கிறார், கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி.

சரி, இடுப்பிலிருந்தே வருவோம். குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் வலி பெரும்பாலும் பின்இடுப்பில்தான் இறங்கும். வலி எழும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை வால் எலும்புக்குச் சற்று மேலே வைத்து, அது அடங்கும்வரை ஒரே சீராக அழுத்த வேண்டும். வெறுமனே தேய்த்தால் போதாது. மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி என்றால் மணிக்கு இருபது தடவை. எட்டு மணி நேரம் யார் செய்வது? நாலு கட்டிலை ஒரே ஆளாகப் பார்க்கும் நர்ஸா? பாவம், அவருக்கு சாப்பிடவே நேரமில்லை.

டூலாவின் வேலையே கூட இருப்பதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும், நிரம்பிய மூத்திரப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். மல்லாக்கவே கிடந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், அதனால் ஒருக்களிக்க, உட்கார, நடக்க வைக்க வேண்டும். வலிமறுப்பு ஊசி போட்டபின் கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தை வைத்துப் பக்கம் மாற்ற வேண்டும். இதெல்லாம் ரவுண்ட்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரால் ஆகாது. கூட இருக்க வேண்டும்.

ஆதாரம் கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு: 26 ஆய்வுகள், 15,000க்கு மேற்பட்ட பெண்கள். தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு சிசேரியன் சுமார் கால்வாசி குறைவு, பிரசவ நேரமும் குறைவு. இந்தக் குறைவு டூலா இருந்த ஆய்வுகளில்தான் அதிகம் தெரிந்தது. இதையும் சிரித்துத் தள்ளுங்கள்.

"அப்போ வீட்டிலேயே பெத்துக்கச் சொல்றீங்களா?" இதைக் கேட்காமல் ஒருவருக்கும் தூக்கம் வராது. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு உயிர் போனது. அந்தப் பழியை எங்கள் தலையில் கட்டாதீர்கள். டூலா உள்பரிசோதனை செய்ய மாட்டார், மருந்து தர மாட்டார், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார். டிரிப் வேண்டாம் என்று தாயைத் தூண்டிவிடும் அரைகுறைகளும் உண்டு. இருக்கிறார்கள். அரைகுறை இல்லாத தொழில் எது, டாக்டர்?

கட்டணம் அதிகம் என்பது நியாயமான கேள்வி. முடியாதவர்கள் அம்மாவையோ அக்காவையோ பழக்கிக் கூட்டிப் போகலாம். ஆனால் உள்ளே விட வேண்டுமே! தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. லட்சக்கணக்கில் பில் போடும் இடத்தில்தான் கதவைச் சாத்துகிறார்கள். தொற்று வருமாம். சூட் ரூமில் சோபா, டிவி, விருந்தாளிகள் எல்லாம் உண்டு, லேபர் ரூமில் ஒரு ஸ்டூல் போட மட்டும் இடமில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளின் சிசேரியன் 63.8 சதவீதம், அரசில் 36. எல்லாம் துணை இல்லாததால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சூட்டு வலிக்கே (பொய் வலிக்கே) பயந்து ஓடிவரும் பெண்ணை, கர்ப்பப்பை வாய் 2 சென்டிமீட்டர் திறந்ததுமே அட்மிட் செய்து, தனியாகப் படுக்க வைத்து, "முன்னேற்றம் இல்லை" என்று எழுதுகிறார்களே, அந்தக் கணக்கை யார் பார்ப்பது? வலி வேகமெடுக்கும் கட்டத்தை 5 சென்டிமீட்டரிலிருந்து கணக்கிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2018இல்.

கர்ப்பிணிகளே, ஏழாம் மாசத்திலேயே கேளுங்கள்: துணைக்கு ஒருவர் வரலாமா, குழந்தை பிறக்கும்வரை இருக்கலாமா, ஷிஃப்ட் மாறினால் வெளியே அனுப்புவார்களா. பதிலை ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அப்போ பார்த்துக்கலாம்" என்று சொன்னால் துணையை உள்ளே விட மாட்டார்கள் என்று அர்த்தம். ஏழாம் மாசத்திலேயே கேட்டுவிட்டால் வேறு ஆஸ்பத்திரி தேட நேரம் இருக்கும்.