பொம்மை வீட்டுக்கு அடிக்கு அரை அங்குலம்

பொம்மை வீடு செய்ய வெளிக்கிடுகிறவர்கள் முதலில் பெட்டி சேர்க்கிறார்கள். பிறகு வெட்டுகிறார்கள். அளவைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் கதவால் ஆள் போக முடியாது, குசினியில் நிற்கும் வாளி அடுப்பை விடப் பெரிதாகிவிடும். எவ்வளவு நுணுக்கமாகப் பெயின்ற் பூசினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது பிஸ்கற் பெட்டிதான். எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் வந்து சேரும் காட்போட், ரின், மூடி எல்லாவற்றுக்கும் தோதான அளவு 1:24 என்பது என் கட்சி. அதாவது உண்மையில் 24 அங்குலம் இருப்பது பொம்மையில் 1 அங்குலம். வெளிநாட்டு வீடியோக்கள் காட்டும் 1:12 எங்களுக்கு வேண்டாம்.

வின்ட்சர் கோட்டையில் இருக்கிற மேரி மகாராணியின் பொம்மை வீடு, 1921 தொடக்கம் 1924 வரை கட்டியது, 1:12 அளவுதான். அங்கே கடைகளில் விற்கும் குட்டிக் கதிரை மேசைகளும் பெரும்பாலும் அதே அளவு. வாங்கி அடுக்குகிறவர்களுக்கு அது சரி. காட்போட்டில் கட்டுகிறவரின் கணக்கு வேறு. 30 அடி அகலமான வீடு 1:12 இல் 30 அங்குலம். அந்த நீளத்துக்கு மடிப்பில்லாத மட்டை வேண்டுமென்றால் பிறிட்ஜ் பெட்டிக்கு அலைய வேண்டும், கிடைத்தாலும் மாரிக்கு வளைந்துவிடும். 1:24 இல் அதே வீடு 15 அங்குலம். கடைக்குப் பிஸ்கற் வந்து இறங்கும் பெட்டியின் ஒரு பக்கமே போதும். மேசன்மார் இன்றைக்கும் அடி, அங்குலத்தில்தானே கதைக்கிறார்கள்? அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 7 அடிக் கதவு மூன்றரை அங்குலம், 10 அடிச் சுவர் 5 அங்குலம். கல்குலேற்றர் தேவையில்லை.

இந்த அளவின் உண்மையான வாய்ப்பு கூரையில் இருக்கிறது. 3 மி.மீ. தடிப்பான காட்போட்டின் உள்ளே அலையாக ஓடும் கடதாசியில் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் இடையில் ஏறக்குறைய 6.5 மி.மீ. வரும். வீட்டுக் கூரைக்குப் போடும் அஸ்பெஸ்ரஸ் சீற்றின் நெளி 146 மி.மீ.; அதை 24 ஆல் பிரித்தால் 6.1. அந்த வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. தகரத்தின் நெளி 76 மி.மீ.; பிரித்தால் 3.2. சின்ன மின்சாமான்கள் வரும் ஒன்றரை மி.மீ. மெல்லிய காட்போட்டின் நெளி கிட்டத்தட்ட 3.4. மாட்டுக்கொட்டிலுக்கும் வேலியோரக் கடைக்கும் அது அப்படியே தகரக் கூரை. பெரிய சாமான் வரும் 4 மி.மீ. பெட்டியின் நெளி 8 மி.மீ. அளவில் இருப்பதால் பழைய வீட்டுப் பீலி ஓட்டு (அரைக் குழாய் வடிவ ஓடு) வரிசைக்கு அதை எடுக்கலாம். 1:12 இல் கட்டுகிறவர் 3 மி.மீ. மட்டையைத் தகரமாகப் பாவிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீற்றுக்கு அவருக்கு 12 மி.மீ. நெளி தேவை. அப்படியொரு பெட்டி சாதாரண வீட்டுக்கு வராது.

நெளியை வெளியே எடுக்க மேல் கடதாசியை உரிக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் நெளியும் சேர்ந்து கிழியும். காட்போட்டை ஒட்டியிருப்பது மாப்பசை. ஈரம் பட்டால் அது தன்பாட்டில் விடும். நனைத்துப் பிழிந்த துணியை உரிக்கப்போகும் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு ஒரு மூலையில் கிளப்பி, நெளி ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். குறுக்கே இழுக்கக் கூடாது. அச்சடித்த பக்கத்தை அடியில் விட்டு, அச்சில்லாத உள்பக்கத்தை உரிப்பது நல்லது. உரித்ததை வெயிலில் போட்டால் சுருளும். நிழலில், நான்கு மூலைக்கும் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். பாரம் வைத்தால் நெளி தட்டையாகி, பட்ட பாடெல்லாம் வீண். நெளியின் உச்சியில் மாப்பசை கோடு கோடாக மிஞ்சியிருக்கும். பெயின்ற் அடித்த பிறகு அது மினுங்கும் என்பதால் முதலே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கள்ளிக்கோட்டை ஓடு வேண்டுமென்றால் பிஸ்கற், தேயிலை, பற்பசைப் பெட்டிகளின் மெல்லிய மட்டை. உண்மை ஓடு 41 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம் என்று வைத்தால் எங்கள் அளவில் 17 மி.மீ.க்கு 10 மி.மீ. ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் பைத்தியம் பிடிக்கும். 17 மி.மீ. அகலக் கீலமாக வெட்டி, 10 மி.மீ.க்கு ஒரு தடவை 13 மி.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் கீறுங்கள். கீறாமல் விட்ட 4 மி.மீ. பக்கத்தில் பசை போட்டு, கீழ்வரிசையில் இருந்து மேலே, 13 மி.மீ. இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வரிசையை அரை ஓடு தள்ளி வைக்க வேண்டும். 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. சரிவுள்ள ஒரு பக்கக் கூரைக்குப் பத்துக் கீலம் தேவைப்படும். சில ஓடுகளின் நுனியை நகத்தால் கொஞ்சம் கிளப்பி விட்டால்தான் ஓடு போலத் தெரியும். எல்லாம் ஒழுங்காகப் படிந்திருந்தால் அச்சடித்த தாள் மாதிரித்தான் இருக்கும்.

சுவருக்கு ஒற்றை மட்டை போதாது. 6 அங்குலச் சீமெந்துக் கல்லுச் சுவர் எங்கள் அளவில் 6 மி.மீ. சொச்சம், 3 மி.மீ. மட்டை இரண்டு. நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீட்டின் ஒரு அடித் தடிப்புச் சுவருக்கு 4 மி.மீ. மட்டை மூன்று. ஒன்றின் நெளி நெடுக்காகவும் அடுத்ததன் நெளி குறுக்காகவும் இருக்க ஒட்ட வேண்டும், அதுதான் வளைவைத் தடுக்கும். பசையை நடுவில் கொட்டாமல் பழைய ரெலிபோன் காட்டால் முழுப் பரப்பிலும் மெல்லியதாக இழுத்து, புத்தகம் அடுக்கி ஒரு இரவு விடுங்கள். மாரியில் ஒரு முழு நாள் விடுங்கள். அடுத்த விசயத்தைத்தான் அநேகமானோர் மறக்கிறார்கள்: பெயின்றை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கக் கடதாசி நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கி, சுவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு கை அடித்தால் உடனே உள்பக்கமும் ஒரு கை அடியுங்கள். வெட்டிய ஓரத்தில் நெளி பல்லைக் காட்டும். பில்லுக் கடதாசிக் கீலத்தை ஒட்டி அதை மூடினால்தான் கதவு நிலை, யன்னல் நிலை நம்பும்படி வரும்.

மினுங்கும் மட்டையில் எமல்சன் ஒட்டாது, சுரண்டினால் தோலாக உரியும். சான்ட் பேப்பர் தேய்ப்பது ஒரு வழி. அதைவிடச் சுகமான வழி பெட்டியை உட்புறம் வெளியே வரத் திருப்புவது. சிவப்பு அச்சு வெள்ளைப் பூச்சுக்குள்ளால் கசிகிற பிரச்சினையும் அதோடு தீரும். அளவுக் கோடு பென்சிலால் மட்டும். போல்பொயின்ற் பேனா மை பெயின்றுக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கும்.

முட்டைத் தட்டை வெட்டிச் செங்கல் ஒட்டும் வீடியோக்கள் நிறைய. அவர்கள் ஊரில் செங்கல் வெளியே தெரியும், எங்கள் ஊரில் எங்கே தெரிகிறது? இங்கே தெரிவது சுண்ணாம்புக்கல். நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள் இருக்கின்றன. முட்டைத் தட்டின் சொரசொரப்பும் சாம்பல் நிறமும் அதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் 8 முதல் 15 மி.மீ. துண்டுகளாகக் கிழித்து, இரண்டு மூன்று படையாக, இடைவெளி தெரிய ஒட்டுங்கள். அதையே 10 செ.மீ. விட்டமுள்ள பால்மா ரின்னைச் சுற்றி ஒட்டினால் 8 அடி அகலக் கிணறு. ரோயிலற் ரோல் குழாயில் கிணறு கட்டாதீர்கள், அது மூன்றடிதான் வரும். யாழ்ப்பாணத்துக் கிணறு அவ்வளவு ஒடுக்கமில்லை. தண்ணீர் அள்ளும் துலாவுக்குச் சாம்பிராணிக் குச்சியில் பிறவுண் பேப்பரைச் சரிவாகச் சுற்றுங்கள், அடி மொத்தமாகவும் நுனி மெல்லியதாகவும் வரும். வாளி பற்பசை மூடி.

பிளாஸ்ரிக்கில் பசை பிடிக்குமா என்பதை அடியில் இருக்கும் முக்கோண இலக்கம் சொல்லும். 2, 4, 5 என்று இருந்தால் சுப்பர் குளூ பூசினாலும் விரலால் தட்ட விழும். போத்தல் மூடிகள் அநேகமாக இந்த வகை. அவற்றை ஒட்டப் பாடுபடாமல் ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டுங்கள். இலக்கம் 6 உள்ள யோகட் கப் நன்றாக ஒட்டும். யன்னல் கண்ணாடிக்குத் தண்ணீர்ப் போத்தலின் தட்டையான பகுதியை வெட்டினால் சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் புகை படியும். இரண்டு மட்டைச் சட்டத்துக்கு நடுவில் செருகி, வெள்ளைப் பசையால் சட்டங்களை மட்டும் ஒட்டுங்கள். ரிஜிபோமுக்கும் வெள்ளைப் பசைதான். சுப்பர் குளூவும் ஸ்பிறே பெயின்றும் அதைத் தின்றுவிடும்.

தளபாடம் பற்றி நீட்டத் தேவையில்லை. நெருப்புக்குச்சி 2 மி.மீ., அதாவது 2 அங்குலச் சட்டம். கட்டில் கால், யன்னல் கம்பி எல்லாம் அதில் முடியும். ரோல்ஸ், கொத்து வந்த பெட்டிகளை எடுக்காதீர்கள். எண்ணெய் ஊறிய மட்டையில் பசை நிற்காது, எறும்பு மட்டும் நிற்கும். மாப்பசையும் அதே காரணத்துக்காக வேண்டாம், கரப்பான் இரவோடு இரவாக ஓடுகளை நக்கிவிடும்.

இதைச் சூழல் சேவை என்று பதிவு போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெறும் காட்போட் மீள்சுழற்சிக்குப் போகும்; பசையும் பெயின்றும் ஏறிய காட்போட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கைவேலையைக் கைவேலை என்றே சொல்லலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முழு வீட்டில் கை வைக்காமல் ஒரு சங்கடப் படலை, அதாவது கூரை போட்ட வாசல் படலை, செய்து பார்க்கலாம். 6 அடி அகலம், 4 அடி ஆழம், 7 அடி உயரம். அதாவது 3 அங்குலம், 2 அங்குலம், மூன்றரை அங்குலம். நான்கு தூணுக்கு இறுக்கிச் சுற்றிய கடதாசிக் குழாய், இரு பக்கமும் வழிப்போக்கர் இருக்கத் திண்ணைக்கு நெடுக்காகப் பாதியாக வெட்டிய ஒரு நெருப்புப்பெட்டி. கூரைக்குக் கிடுகு (பின்னிய தென்னோலை): பிறவுண் பேப்பரைக் கசக்கி விரித்து, 6 செ.மீ.க்கு 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மை தீர்ந்த பேனாவால் இரு திசையிலும் சரிவாக நெருக்கிக் கோடு அழுத்தினால் பின்னல் போல வரும். மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய, கீழிருந்து மேலே ஒட்ட வேண்டும். கூரையைத் தூண்களோடு ஒட்டிவிடாதீர்கள். உள்பக்கமாக இரண்டு மட்டைக் கீலம் வைத்து மூடி போல இருத்தினால், மாரி முடிய கழற்றி நிழலில் உலர்த்தலாம்.